‘ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்!’ - காவிரிக் கரை கிராமங்கள் பேசத் தயங்கும் விஷயம்

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் சென்னைக்குப் போகிறவர்களுக்குத் திருப்பனந்தாள் பழக்கமான ஊர். குமரகுருபரர் காசியில் தொடங்கிய மடத்தின் வழிவந்த காசித் திருமடம், சம்பந்தர் பாடிய அருணஜடேசுவரர் கோயில், சுற்றிலும் நெல் வயல்கள் என்று காவிரிக் கரைக்கே உரிய அடையாளங்கள் அத்தனையும் இங்கே உண்டு. பக்கத்திலேயே சுக்கிரன் தலமான கஞ்சனூர். சூரியனார்கோவிலும் தூரமில்லை. குத்தாலம் பக்கம் போனால் திருமணஞ்சேரி.

இந்த வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப்போனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சள் பையில் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியர் வீட்டுக்குப் போவார்கள். சுக்கிரனுக்கு அர்ச்சனை செய்வார்கள். திருமணஞ்சேரியில் மாலை வாங்கிவந்து பூஜை அறையில் பத்திரப்படுத்துவார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று காத்திருப்பார்கள்.

பெரும்பாலான வீடுகளில் காரணம் வேலையாக இருக்கும். நகை, பணமாக இருக்கும். செவ்வாய் தோஷமாக இருக்கும். சில வீடுகளில் மட்டும் காரணம் வேறு. அந்தப் பையனுக்குப் பெண்கள் மீது ஈர்ப்பு இல்லை. அவன் மனம் இன்னோர் ஆணைத்தான் தேடுகிறது. அல்லது, அந்தப் பெண்ணின் மனசில் இருப்பது இன்னொரு பெண். அவர்களும் அப்பா, அம்மாவோடு கோயிலுக்குப் போகிறார்கள். மாலையை வாங்கிக்கொள்கிறார்கள். வாயை மட்டும் திறப்பதில்லை. அந்த மௌனத்துக்கு எத்தனை பேர் விலை கொடுக்கிறார்கள் என்று நாம் கணக்குப் பார்த்ததே இல்லை.

பெயரே இல்லாத விஷயம்

ஆண் ஆணையோ, பெண் பெண்ணையோ விரும்புவதைத் ‘தன்பாலீர்ப்பு’ என்கிறோம். ஆங்கிலத்தில் கே, லெஸ்பியன் என்று சொல்லப்படுகிறவர்கள் இவர்கள்தான். இப்படிப்பட்டவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான தமிழ்ச் சொற்களின் பட்டியலை, உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022-ல் தமிழக அரசு வெளியிட்டது. பத்திரிகைகளும் அரசு அலுவலகங்களும் இன்று அந்தச் சொற்களைப் பயன்படுத்துகின்றன.

ஊருக்குள் அந்தச் சொல் இன்னும் வந்து சேரவில்லை. டீக்கடையிலும் ஆற்றங்கரையிலும் புழங்குவதெல்லாம் கேலிச் சொற்கள்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் தனக்குள் ஏதோ வித்தியாசமாக இருப்பதை உணரும் பையன், அதற்கான பெயரை முதன்முதலில் கேட்பதே யாரோ யாரையோ திட்டும்போதுதான். அந்தப் பெயரோடு அவன் எப்படி அம்மாவிடம் போய்ப் பேசுவான்?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தன்பாலீர்ப்பு என்றாலே திருநங்கை என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு. பிறப்பில் ஆண் என்று பதிவாகி, தன்னைப் பெண்ணாக உணர்கிறவர் திருநங்கை. தன்னை ஆணாகவே உணர்ந்து, ஆணாகவே வாழ்ந்து, இன்னோர் ஆணை விரும்புகிறவர் தன்பாலீர்ப்பாளர். அவர் நடையிலோ உடையிலோ எந்த வித்தியாசமும் தெரியாமல் போகலாம். உழவு ஓட்டுபவராக, பால் சொசைட்டியில் கணக்கு எழுதுபவராக, சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மூத்த மகனாக அவர் நம் நடுவிலேயே இருப்பார்.

தெரிந்தும் தெரியாத ஊர்

கிராமம் என்றாலே கொடுமை என்று நகரத்தில் இருந்துகொண்டு முடிவு கட்டிவிட முடியாது. நம் ஊர்களில் 2 ஆண்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டில் 2 தோழிகள் ஒரே பாயில் படுத்து விடிய விடியப் பேசினால் யாரும் சந்தேகப்படுவதில்லை. தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளா நடக்கும்போது ஆண்களே பெண் வேடமிட்டு ஆடுகிறார்கள். ஊரே பக்தியோடு உட்கார்ந்து பார்க்கிறது. ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டால்தான் ஊருக்குக் கண் உறுத்தும்.

இந்தத் தாராளத்துக்கு 2 நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அதைப் பெயர் சொல்லிப் பேசக் கூடாது. இரண்டு, வயது வந்ததும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மீறினாலும் ஊரின் முகம் மாறிவிடும். ‘குடும்ப மானம் போச்சு’ என்பதில் ஆரம்பித்து, ‘உன் தங்கச்சிக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?’, ‘எங்களுக்குக் கொள்ளி போட்ட பிறகு உனக்கு யார் போடுவா?’ என்று கேள்விகள் வரிசையாக வரும்.

இந்தக் கேள்விகளை மூடத்தனம் என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. நிலமும் வீடும் சாதியும் உறவும் கல்யாணத்தால் பின்னப்பட்டிருக்கும் இடம் கிராமம். சென்னையில் ஒருவர் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரு ஃப்ளாட்டில் வாழ்ந்துவிடலாம். ஊரில் கல்யாணம் ஆகாதவருக்கு ஒரு சீர் வரிசையில்கூட இடம் கிடையாது. முதுமையில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க மாட்டார்களே என்ற பெற்றோரின் பயம் நிஜமானது. அந்த பயத்துக்குக் கண்டுபிடிக்கிற மருந்துதான் தவறு.

மூன்றாவது உயிர்

‘ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்.’ குடிக்கிற பையன், வேலைக்குப் போகாத பையன், எப்போதும் முகம் வாடியிருக்கிற பையன் என எல்லோருக்கும் நம் ஊரில் எழுதிக்கொடுக்கும் ஒரே மருந்துச் சீட்டு இது. தன்பாலீர்ப்பு உள்ள பையனுக்கும் அதையே எழுதுகிறார்கள்.

அந்தச் சீட்டில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் பெயரும் இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. கடன் வாங்கி நகை போட்டு அனுப்பப்பட்ட அந்தப் பெண், முதல் சில மாதங்கள் குறை தன்னிடம்தான் என்று நினைப்பாள். நிறத்தையும் உடம்பையும் கண்ணாடியில் பார்த்துக் குமைவாள். ஒரு வருடம் ஆனதும் ‘விசேஷம் இல்லையா?’ என்று ஆரம்பிப்பார்கள். அடுத்து மருத்துவப் பரிசோதனை; அதுவும் முதலில் அவளுக்குத்தான். கணவன் நல்லவனாகவே இருப்பான். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். ‘அப்புறம் உனக்கு என்னதான் குறை?’ என்று பிறந்த வீட்டிலேயே கேட்பார்கள். அவளால் என்ன பதில் சொல்ல முடியும்?

2023-ல் வெளியான மலையாளப் படம் ‘காதல் - தி கோர்’ இந்த வலியை அழகாகச் சொன்னது. ஜியோ பேபி இயக்கிய அந்தப் படத்தில் மம்மூட்டி, ஒரு சிறிய ஊரில் எல்லோராலும் மதிக்கப்படும் மனிதர். உள்ளாட்சி இடைத்தேர்தலில் வேட்பாளராக நிற்கும் நேரத்தில், அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதைக் காரணமாகச் சொல்லி மனைவி விவாகரத்து கேட்கிறார். மனைவியாக நடித்தவர் நம் ஜோதிகா. அந்த மனைவி கணவனைப் பழிவாங்குவதற்காகக் கோர்ட்டுக்குப் போவதில்லை. பல வருடங்களாக 2 பேருமே வாழாத வாழ்க்கையிலிருந்து 2 பேரையும் விடுவிக்கத்தான் போகிறார்.

பெண்ணுக்குத் தன்பாலீர்ப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆணுக்காவது வேலை, வெளியூர் என்று தள்ளிப்போட ஒரு சாக்கு உண்டு. அவளுக்கு அதுவும் இல்லை. விருப்பமில்லாத உறவை ஒவ்வோர் இரவும் தாங்க வேண்டியவள் அவள்.

நீதிபதி எடுத்துக்கொண்ட பாடம்

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் நடந்த முக்கியமான வழக்கு, 2 பெண்களுடையது. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் 2 பேர் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு வலுத்ததும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர்கள் மகளைக் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் விசாரணை தொடங்கியது. பாதுகாப்பு கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், பெண்களையும் பெற்றோர்களையும் உளவியல் நிபுணர் வித்யா தினகரனிடம் அனுப்பினார். அவர் கொடுத்த அறிக்கையில் ஒரு தகவல் நெஞ்சைத் தைக்கும். தங்கள் மகள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிட, கடைசிவரை துணையே இல்லாமல் தனியாக வாழ்வது கௌரவமாக இருக்கும் என்று அந்தப் பெற்றோர்கள் கருதினார்கள். மகள் மீது பாசம் இல்லாதவர்கள் அல்ல அவர்கள். அவள் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம், மகளின் தனிமையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று அவர்களை நினைக்க வைத்திருந்தது.

அதற்குப் பிறகு நீதிபதி செய்ததுதான் யாரும் எதிர்பாராதது. தனக்கே இந்த விஷயத்தில் முழுத் தெளிவு இல்லை, சமூகத்தில் இருக்கும் முன்முடிவுகள் தன்னிடமும் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே உளவியல் நிபுணரிடம் தானும் அமர்ந்து பாடம் கேட்டுக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். வயது வந்த 2 பேர் விரும்பிச் சேர்ந்து வாழ்வது தெரியவந்தால், ‘காணவில்லை’ புகாரைப் போலீஸார் துன்புறுத்தாமல் முடித்துவைக்க வேண்டும்; தன்பாலீர்ப்பைச் சிகிச்சையால் மாற்றுகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது என்றது அந்த உத்தரவு. இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று போலீஸாரின் நடத்தை விதிகளிலும் 2022-ல் தமிழக அரசு திருத்தம் கொண்டுவந்தது.

ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி ‘எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்’ என்று கேட்கும்போது, நாம் கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

பேயும் இல்லை, நோயும் இல்லை

2025 மே மாதம் இன்னொரு வழக்கு. வேலூர் மாவட்டம் குடியாத்தத்தைச் சேர்ந்த, 25 வயதான பெண் ஒருவரை அவர் குடும்பத்தினர் வீட்டில் அடைத்து வைத்திருப்பதாக, அவருடைய துணைவி ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் முன்னால் வந்த அந்தப் பெண், தன்னை அடித்ததாகவும், ‘சாதாரணமாக’ மாற்றுவதற்காகச் சில சடங்குகளைச் செய்ய வைத்ததாகவும் சொன்னார். அவருடைய அம்மாவோ, தன் மகளை அந்தப் பெண்தான் கெடுத்துவிட்டாள் என்று நீதிமன்றத்தில் குமுறினார்.

அந்தப் பெண் விரும்பியபடி போகலாம் என்று விடுவித்த நீதிபதிகள், குடும்பத்தார் குறுக்கிடக் கூடாது என்றும் உத்தரவிட்டார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைப்பதற்கான வழி என்று இல்லை, ஒருவர் தானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பமே என்றார்கள்.

சடங்கு என்றதும் நம் ஊர் நினைவுக்கு வருவதில் ஆச்சர்யமில்லை. மந்திரித்துக் கயிறு கட்டுவது, வேப்பிலை அடிப்பது, ‘காத்து கருப்பு’ என்று உடுக்கை அடிப்பவரிடம் கூட்டிப்போவது, நாடி பார்ப்பது எல்லாம் இந்த டெல்டாவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கொஞ்சம் படித்த குடும்பம் என்றால் மாத்திரை தரும் டாக்டரைத் தேடும்.

மருத்துவ உலகம் இதில் எப்போதோ தெளிவடைந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1973-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990-ல் எடுத்தது. இது மனநோய் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2018-ல் அறிவித்தது. இதற்கு ‘சிகிச்சை’ தருவதாகச் சொல்லும் டாக்டர் தொழில் ஒழுங்கை மீறுகிறார் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. வளர்ப்பு சரியில்லாததாலோ, சேர்க்கை சரியில்லாததாலோ, செல்போன் பார்ப்பதாலோ வருவதில்லை இது. நீங்கள் எங்கே தவறினோம் என்று யோசித்து அழ வேண்டியதும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஆங்கிலேயர் 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவுதான் தன்பாலீர்ப்பாளர்களைக் குற்றவாளி ஆக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தவர்கள் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அவர்களில் ஒருவரான நீதிபதி இந்து மல்ஹோத்ரா, இத்தனை காலம் அவமானத்தைச் சுமந்த இவர்களிடமும் இவர்களுடைய குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதினார். குடும்பத்தாரையும் அவர் சேர்த்துக்கொண்டதைக் கவனிக்க வேண்டும்.

அதே நேரம், இவர்கள் கல்யாணத்தைச் சட்டப்படி பதிவுசெய்ய இன்னும் வழியில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. ஆனால் சேர்ந்து வாழ்பவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம், ஒரே ரேஷன் கார்டில் இடம்பெறலாம் என்று 2024-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது.

தீர்ப்பு வந்துவிட்டது என்பதாலேயே ஊரில் பயம் போய்விடாது. செல்போன் செயலி வழியாகப் பழகி, தனியாக வரவழைத்து, ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. வீட்டுக்குத் தெரியக் கூடாது என்ற பயம்தான் அவர்களின் முதலீடு. வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அந்த மிரட்டல் அன்றே செத்துவிடும். இப்படி மிரட்டினால் போலீஸில் புகார் கொடுக்கலாம். தன்பாலீர்ப்பு குற்றமில்லை, மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம்.

குனிந்து கொடுத்த சாமி

‘எங்க ஊரெல்லாம் மாறாதுங்க’ என்று சொல்கிறவர்கள் உண்டு. மாறியிருக்கிறது. திருநங்கை என்ற சொல்லே சில வருடங்களுக்கு முன்னால் புழக்கத்தில் இல்லை. 2008-ல் தமிழக அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. மதுரையில் பிறந்து, குடும்பத்தால் ஏற்கப்படாத நர்த்தகி நடராஜுக்குப் பரதம் சொல்லிக்கொடுத்தவர், தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கிட்டப்பா பிள்ளை. இவ்வளவு மரபான வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்ததால்தான் 2019-ல் நர்த்தகிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரியவர் ஒருவர் முதலில் இடம் கொடுத்தால் போதும், ஊர் மெதுவாகப் பின்னால் வரும்.

வீட்டுப் பெரியவர்களும் அப்படிச் செய்திருக்கிறார்கள். இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி லீலா சேத். 2013 டிசம்பரில் 377-வது பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தன் மகனான எழுத்தாளர் விக்ரம் சேத் இப்போது குற்றவாளி ஆகிவிட்டானே என்று ஒரு தாயாகப் பத்திரிகையில் எழுதினார். குடியாத்தம் பெண்ணின் அம்மாவை லீலா சேத்தோடு ஒப்பிட முடியாது என்று வருந்தித்தான் நீதிபதிகளும் தங்கள் தீர்ப்பில் அவரை நினைவுகூர்ந்தார்கள்.

நீதிபதியாக இருந்தால்தான் முடியும் என்பதில்லை. 2015-ல் மும்பையில் பத்மா ஐயர் என்ற அம்மா, தன் மகன் ஹரீஷுக்கு மாப்பிள்ளை தேடிப் பத்திரிகையில் வரன் விளம்பரம் கொடுத்தார். சாதி தடையில்லை என்று போட்டுவிட்டு, ஐயர் பையன் என்றால் நல்லது என்றும் சேர்த்திருந்தார்! விமர்சனமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எல்லா அம்மாக்களையும் போலத்தான் அவரும் என்பது அந்த விளம்பரத்திலேயே தெரிந்தது.

திருப்பனந்தாள் கோயிலின் தல வரலாறு இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். தாடகை என்ற பெண் சாமிக்கு மாலை சாத்தக் கையை உயர்த்துகிறாள். ஆடை நழுவுகிறது. முழங்கையால் ஆடையைப் பிடித்துக்கொண்டு, மாலையையும் விட முடியாமல் தவிக்கிறாள். அப்போது சிவலிங்கமே தலை சாய்ந்து மாலையை வாங்கிக்கொண்டது. அவளுடைய தர்மசங்கடத்தைப் பார்த்துச் சாமி சிரிக்கவில்லை, கைவிடவும் இல்லை. அவள் கை எட்டும் உயரத்துக்குத் தானே இறங்கி வந்தார். இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மண்ணுக்கு, பிள்ளையின் தவிப்பைப் புரிந்துகொள்வது அந்நியமான விஷயம் கிடையாது.

பிள்ளை வந்து சொன்னால்...

* முதல் 5 நிமிடம் ஒன்றும் பதில் சொல்லாமல் கேளுங்கள். பல நாள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறான். எப்போதும் போல ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

* சத்தியம் வாங்காதீர்கள். ‘என் மேல ஆணையா மாறிடுறேன்னு சொல்லு’ என்பது அவனால் காப்பாற்ற முடியாத வாக்கு.

* கல்யாணப் பேச்சை உடனே நிறுத்துங்கள். பேசி முடித்திருந்தாலும் நிறுத்துங்கள். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும்.

* சித்தி, அத்தை, பங்காளி என்று யாரிடமும் நீங்களாகச் சொல்லாதீர்கள். யாரிடம், எப்போது சொல்வது என்பது பிள்ளையின் முடிவு.

* பிள்ளைக்கோ உங்களுக்கோ மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். பிள்ளையை மாற்றுவதற்காகப் போக வேண்டாம். உங்கள் பதற்றம் குறையப் போங்கள். சென்னையில் இயங்கும் ‘ஓரினம்’ போன்ற அமைப்புகள் குடும்பத்தினருக்கும் வழிகாட்டுகின்றன.

* பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை, சம்பளம், நிலம் எல்லாம் விசாரிக்கிறோம். ‘பையனுக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பமா?’ என்று அவனிடமே, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாதபோது கேட்பதில்லை. உங்கள் பெண்ணும் அவனும் தனியாக அரை மணி நேரம் பேச இடம் கொடுங்கள். ‘பிடிக்கலைன்னா நான் பார்த்துக்கிறேன்’ என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த தை மாதமும் வரும். ஜாதகக் கட்டை எடுப்பதற்கு முன்னால் மகனையோ மகளையோ கொல்லைப்புறம் கூப்பிட்டு, ‘உனக்குக் கல்யாணத்துல இஷ்டம் இருக்கா? இல்லைன்னாலும் அம்மாகிட்ட சொல்லலாம்’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். சிரிக்காமல் தலை குனிந்து நிற்கிற பிள்ளைக்காகத்தான் இந்தக் கேள்வி.